புறாத்தீவில் மூழ்கி எழுந்தது தொடர்பாக

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும், திருவண்ணாமலை.

பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள், வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுப் பிரிவு. (எந்த நிறுவனம் என்பது தங்களுக்கே தெரியும்.)

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் இருவரும் உயிரோடு திரும்பிவிட்டோம். இதனால் தங்களுக்கு நேர்ந்திருக்கக்கூடிய அதிர்ச்சிக்கு வருந்துகிறோம்.

எனக்கு 69, அவளுக்கு 65. இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் நாலு நாள் தங்கி, புறாத்தீவில் ஸ்நார்க்கலிங் செய்ய ஆசைப்பட்டுத் தங்களிடம் பாலிசி கேட்டு வந்தோம். அங்கிருந்த தம்பி படிவத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “கோயில் குளம்னா போயிட்டு வாங்க சார், இந்த வயசுல கடல்ல எதுக்கு?” என்றார். பிறகு பொடி எழுத்துப் பக்கத்தைத் திருப்பினார். சாகச விளையாட்டுக்குக் காப்பீடு கிடையாது. முன்பே இருக்கும் நோய்க்கும் கிடையாது. என் சர்க்கரையும் அவள் மூட்டுவலியும் அதில் அடிபட்டுப் போயின. ஆனால் செத்துப்போனால் உடலை ஊர் கொண்டுவரும் செலவு உண்டாம். அந்த ஒரு வரியைத் தம்பி உரக்கவே வாசித்தார். நீந்தினால் பொறுப்பில்லை, மிதந்தால் உண்டு என்று புரிந்துகொண்டோம்.

ஐயா, தாங்கள் எங்கள் ஊருக்கு ஒரு பௌர்ணமிக்கு வர வேண்டும். லட்சக்கணக்கான ஜனம் 14 கிலோமீட்டர் மலை சுற்றும். வெறுங்காலோடு நடக்கிற அந்தக் கூட்டத்தில் எங்கள் வயதுக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உச்சியை அண்ணாந்து பார்த்தபடி, யார் முழங்கை யார் விலாவில் என்று தெரியாமல் மணிக்கணக்கில் நிற்போம். எவரும் ஈசிஜி கேட்டதில்லை. பக்திக்காக நசுங்கினால் புண்ணியம், சந்தோஷத்துக்காகக் கால் நனைத்தால் ரிஸ்க். வீட்டோடு இருங்கள் என்கிறீர்களா? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைச்சரிவு இடிந்து விழுந்தபோது, போன ஏழு உயிரும் வீட்டுக்குள் இருந்தவைதான்.

உறவுக்காரர்களிடம் திருகோணமலையில் இருக்கும் கோணேஸ்வரம் போகிறோம் என்றுதான் சொன்னோம். பொய்யில்லை. சம்பந்தர் பாடிய தலம். ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்றவை அதுவும் திருக்கேதீச்சரமும்தான். அதைக் கேட்டதும் என் மைத்துனரே விபூதி வாங்கிவரச் சொல்லி வழியனுப்பினார். நிலாவெளி என்று சொல்லியிருந்தால் குடும்பப் பஞ்சாயத்தே கூடியிருக்கும்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி உயிர்பெற்ற காங்கேசன்துறை சேவை. கப்பலின் பெயர் சிவகங்கை. எங்கள் ஊர்ப் பெரிய கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தத்தைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அதில் ஏற என்ன பயம்? பாக் நீரிணையில் இளவட்டங்கள் பிளாஸ்டிக் பையும் கையுமாகச் சாய்ந்திருக்க, இவள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

கரையிறங்கித் திருகோணமலை போய்ச் சேர்ந்து, கோணேஸ்வரத்தில் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் சுவாமிப் பாறையில் ஏறி நின்றோம். அதற்குத் தங்கள் பாலிசியில் ஆட்சேபம் இல்லை, தலயாத்திரை அல்லவா! புறாத்தீவில்தான் வில்லங்கம். 2003 முதல் அது தேசியப் பூங்கா. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே குண்டு சுட்டுப் பழகினார்களாம். இங்கே நாம் வெயிலில் வேகும் மாதங்களில் அந்தக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கும்.

சுடிதாருக்கு மேல் லைஃப் ஜாக்கெட், வாயில் குழாய். முதல் தடவை உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, அவள் என்னைத் திட்டினாள். இரண்டாம் தடவை கவிழ்ந்த முகத்தை எடுக்கவே இல்லை. துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் அங்கே சகஜம். “பயப்படாதீங்கோ அம்மா, அது கடிக்காது” என்றான் படகுக்காரப் பையன். ஒன்று அவள் முழங்காலை ஒட்டிப் போனது. பிறந்த தேதி கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடி இல்லாத எனக்குச் சுறாவும் பாறையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. முன்பே இருக்கும் குறைபாடுகளில் இதையும் சேர்த்துக்கொள்ளவும். வீட்டு மாடிப்படியில் ‘அம்மா’ என்று உட்கார்ந்துவிடும் முழங்கால், தண்ணீரில் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. இது எந்த நோய்ப் பிரிவில் வரும் என்று தங்கள் மருத்துவரைக் கேட்டுச் சொல்லவும்.

மருத்துவக் காப்பீடு புதிதாக வாங்க இருந்த 65 வயது வரம்பை ஒழுங்குமுறை ஆணையமே 2024 ஏப்ரலில் நீக்கிவிட்டது. பயணப் பிரிவுக்கு அந்தச் சேதி நடந்தே வருகிறது போலும். வந்து சேர்ந்ததும் சாகச விதியைத் திருத்துங்கள். முடியாதென்றால் கிரிவலத்தையும் சாகச விளையாட்டில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் எங்கள் ஊரில் ஒரு பாலிசி விற்றுக் காட்டுங்கள், பார்ப்போம்.

அடுத்து பாலித் தீவில் பாராசெய்லிங் போக உத்தேசம். புதுப் படிவம் இத்துடன் இணைத்துள்ளோம். நாமினி இடத்தில் போன தடவை ஒருவருக்கொருவர் பெயர் போட்டிருந்தோம். கூடவே போகிறவரை எழுதினால் எப்படி என்று தம்பி கேட்டது நியாயம்தான். இம்முறை மருமகள் பெயரைப் போட்டிருக்கிறோம். “உங்களுக்கு எதுக்கு அத்தே இதெல்லாம்?” என்று கேட்டவள், இப்போது நாங்கள் எப்போது கிளம்புகிறோம் என்று விசாரிக்கிறாள்.