சர்வீஸ் சித்தப்பா

காபியை வாங்கும்போதே அவர் கண் மூலையிலிருக்கும் கம்ப்யூட்டர் மேல் போய்விடும். "என்ன மாப்ளே, இன்னும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு?" என்பார். மறுநிமிடம் நாற்காலி அவருடையது. தெருவுக்கே அவர் சித்தப்பா.

மௌஸைத் தொட மாட்டார், அது பாமரர்களுக்கு. விண்டோஸ் விசையோடு 'ஆர்' தட்டி, 'சர்வீசஸ் டாட் எம்எஸ்சி' என்று அடிப்பார். பின்னணியில் வேலை பார்க்கும் 200-க்கும் மேற்பட்ட சர்வீஸ்கள் திரையில் வரிசைகட்டி நிற்கும். பெண் வீட்டாருமில்லாமல் மாப்பிள்ளை வீட்டாருமில்லாமல் பந்தியில் உட்கார்ந்தவன் யார் என்று தேடும் சமையல் காண்ட்ராக்டரைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார்.

"ஃபேக்ஸா? இந்த வீட்டுல யாரும்மா ஃபேக்ஸ் அனுப்புறது?" டிசேபிள். அது 'மேனுவல்' என்ற நிலையில், கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன் என்று தூங்கிக்கொண்டிருந்த சர்வீஸ். தூங்குகிறவனை எழுப்பி வேலையை விட்டு அனுப்பியதில் கம்ப்யூட்டருக்கு ஒரு நொடிகூட மிச்சமில்லை.

'ரிமோட்' என்று பெயர் வந்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். எவனோ தூரத்திலிருந்து பார்க்கிறானாம். ரிமோட் ரிஜிஸ்ட்ரி ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கும். விண்டோஸ் 10 வரும்போதே அப்படித்தான் வருகிறது. "போன தடவை நான்தானே நிறுத்தினேன்!" என்பார். 'ரிமோட் ப்ரொசீஜர் கால்' என்ற சர்வீஸையும் ஒரு கை பார்க்க ஆசை. மற்ற சர்வீஸ்களில் பல அதை நம்பித்தான் நிற்கின்றன. நல்லவேளை, அதை நிறுத்தும் பட்டனை மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள். இவரைப் போல ஒருவர் அமெரிக்காவிலும் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த பலி சிஸ்மெயின். 2007-இல் விஸ்டாவோடு சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்தது. நாம் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைக் கவனித்து, முன்கூட்டியே மெமரியில் ஏற்றி வைப்பது அதன் வேலை. "ராம் காலியா இருக்கணும் மாப்ளே!" காலியாகக் கிடக்கும் ராமால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் காபி ஆறிவிடும்.

எக்ஸ்பி காலத்தில், 128 எம்பி ராமை வைத்துக்கொண்டு திண்டாடியபோது, இந்த வைத்தியத்தில் கொஞ்சம் பலன் இருந்தது உண்மை. ராம் 8 ஜிபி ஆனது. சித்தப்பா அப்படியே இருக்கிறார். கேபினட்டுக்குள் முனகிக்கொண்டிருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அதை மாற்றக் காசு வேண்டும், டிசேபிள் இலவசம்.

விளைவு தெரிய வாரங்கள் ஆகும். பெண்ணின் ஹால் டிக்கெட்டை அச்செடுக்கப் போனால் பிரின்டரையே காணோம். பிரின்ட் ஸ்பூலர் போயிருக்கும். விண்டோஸிலிருக்கும் 'பிரின்ட் டு பிடிஎஃப்'பும் அதோடு போயிருக்கும். போன் போட்டால், "கேபிளை மாத்திப் பாத்தீங்களா?" என்பார்.

கடைசியில் கடைக்காரப் பையன் வந்து எஸ்எஸ்டி மாட்டிவிட்டுப் போவான். அடுத்த முறை சித்தப்பா வரும்போது, பட்டனை அழுத்திக் கையை எடுப்பதற்குள் திரை வந்து நிற்கும். அவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

"அன்னிக்கு நான் நிறுத்தினேன் பாரு, அது இப்பத்தான் மாப்ளே பிடிக்குது."