கொள்ளை நகரத்தில் குமாஸ்தா உத்தியோகம்

2013-இல் தொடங்கிய ஜிடிஏ ஆன்லைன் என்ற வீடியோ கேமில் முக்கியப் பிழைப்பு கொள்ளையும் கார் திருட்டும்தான். லாஸ் ஏஞ்சலிஸின் நகலான லாஸ் சாண்டோஸில் யாரையும் சுடலாம். சுட்டுச் சலித்த பலர், அதே நகரத்தில் சாதாரண மனிதர்களாக நடித்து ஆடும் 'ஃபைவ்எம்' சர்வர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே டாக்ஸி ஓட்டுகிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள், சிவப்பு விளக்குக்கு (நிஜத்தில் நிற்பார்களோ என்னவோ) மரியாதையாக நிற்கிறார்கள். போலீஸ் ஆக வேண்டுமா? பல சர்வர்களில் விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் உண்டு. உள்ளே நுழையவே சில இடங்களில் கியூ. பகலெல்லாம் ஆபீசில் உழைத்த அலுப்புத் தீர, ராத்திரியில் சம்பளமில்லா உத்தியோகம்! கார் உரசினால் துப்பாக்கி நீட்டுவதில்லை, இறங்கி வந்து, "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்று மைக்கில் விசாரிக்கிறார்கள். மூல ஆட்டத்தில் செத்தவர் சில நொடிகளில் எழுந்துவிடுவார். இங்கேயோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, டூட்டி டாக்டர் வரும்வரை பக்கத்துக் கட்டில்காரரிடம் வீட்டு வாடகை ஏறியதைச் சொல்லிப் புலம்புகிறார்.