ஆணியில் தொங்கும் பை

தமிழ்நாட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கும். ஆணியில் ஒரு பை. பைக்குள் நாலைந்து பைகள், அவற்றுக்குள் மடித்துச் செருகிய இன்னும் சில. ஒன்றை இழுத்தால் மொத்தக் குடும்பமும் தரைக்கு வந்துவிடும். குடிசையோ அடுக்குமாடியோ, ஆணிக்கு மட்டும் பேதமில்லை. இத்தனையும் வீட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் மார்க்கெட்டில் கையை வீசிக்கொண்டு நிற்பார். "அண்ணே, ஒரு கவர் குடுங்க."

அந்தக் கவருக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகையைத் தமிழக அரசு நிறுத்தியது. முதல் மாதம் "கவர் கிடையாது சார், பிடிச்சா ஃபைன்" என்ற கடைக்காரர்கள், பிறகு தராசுக்கு அடியில் கையை விட்டு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டே கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்துவிட்டது.

மஞ்சப்பைக்கு இது எதிர்பாராத பதவி உயர்வு. ஒரு காலத்தில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பூரில் இறங்கினால் ஆட்டோக்காரர் முதல் லாட்ஜ் மேனேஜர் வரை ஆளை எடைபோட்டுவிடுவார்கள். வக்கீலைப் பார்க்க வரும் கிராமத்துப் பெரியவரின் பத்திரம், பட்டா, பத்தாயிரம் ரூபாய் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஆனாலும் காலேஜில் படிக்கும் மகன் பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்குப் பத்தடி தள்ளியே நடப்பான். அந்த மகன்தான் இன்று தன் பெண்ணின் கல்யாணத்துக்கு மஞ்சப்பையில் தாம்பூலம் கொடுத்து, அடியில் 'சுற்றுச்சூழல் காப்போம்' என்று பச்சை மையில் அச்சடிக்கிறார்.

தாம்பூலம் அன்றைக்கே தீர்ந்துவிடும். தேங்காய் மறுநாள் சட்னியாகிவிடும். பை மட்டும் ஆணிக்குப் போகும். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் என்றால் மூன்று பை. மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாம் அதில் உண்டு. சில ஜோடிகள் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்த பிறகும் யார் வீட்டு ஆணியிலோ இணைபிரியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

துணிப்பை ஆயிற்றே, எத்தனை சேர்ந்தாலும் புண்ணியம்தானே என்று நினைப்பவர்களுக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கணக்கு காத்திருக்கிறது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-ல் கடைப் பைகளின் ஜாதகத்தைப் பார்த்தது. பருத்தி விளைய, நெய்ய, தைக்க ஆகும் தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டினால், ஒரு சாதாரணப் பருத்திப் பை சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் பைக்கு எல்லா வகையிலும் ஈடாக 7,100 தடவை பயன்பட வேண்டும். தினமும் எடுத்துப் போனால் பத்தொன்பதரை வருஷம். கல்யாணத்தில் வாங்கிய பை, அந்தத் தம்பதியின் பிள்ளை பிளஸ் டூ முடித்துக் கவுன்சிலிங் போகும்வரை உழைத்தாக வேண்டும். ஆர்கானிக் பருத்தி என்றால் இன்னும் மோசம், 20,000 தடவை. மாப்பிள்ளைக்கு 26 வயதில் கல்யாணம் என்று வைத்துக்கொண்டால், பை தன் கடனை அடைக்கும்போது அவருக்குச் சதாபிஷேகம். அதற்கு ஒரு தாம்பூலப் பை கொடுப்பார்கள்.

கணக்கில் ஓட்டை இல்லாமலில்லை. ஓசோன் படலம் உட்பட எல்லா அளவுகோலையும் சேர்த்ததால்தான் எண் இப்படி எகிறுகிறது. புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவை போதும். பிளாஸ்டிக் பை தெருவில் பறந்து, மழைநீர் வடிகாலை அடைத்து, மாட்டின் வயிற்றுக்குள் போவது இந்தக் கணக்கில் வரவே இல்லை. கோபன்ஹேகன் தெருவில் மாடு மேய்வதில்லை, பாவம். ஆனால் ஒன்று நிச்சயம்: ஆணியில் தொங்கும் பைக்கு 52-உம் எட்டாது.

நல்ல எண்ணத்தையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்பது நம்மூர்க் கண்டுபிடிப்பும் அல்ல. 2007-ல் லண்டனில் ஆன்யா ஹைண்ட்மார்ச் என்ற வடிவமைப்பாளர் 'நான் பிளாஸ்டிக் பை அல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதிய கான்வாஸ் பையைக் கொண்டுவந்தார். விலை ஐந்து பவுண்டு. சூப்பர் மார்க்கெட் வாசலில் விடியுமுன்னே வரிசை. 20,000 பைகள் பறந்தன. பிறகு இணைய ஏலத்தில் பல மடங்கு விலைக்குக் கைமாறின. சீனாவில் தைத்து வந்த பை அது. பத்து ஆண்டு கழித்து பலென்சியாகா நிறுவனம், ஐகியா கடையின் 99 சென்ட் நீலப் பையைப் போலவே தோலில் ஒன்று செய்து 2,145 டாலர் விலை வைத்தது. 2025-ல் அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம், இந்தி எழுத்தில் கடைப்பெயர் அச்சடித்த நம் மளிகைப் பையை 'இந்திய நினைவுப் பொருள்' என்று 48 டாலருக்கு விற்றது. ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய். பிஸ்கட் பாக்கெட்டோடு சும்மா வரும் பை!

தி.நகரில் இன்னொரு கூத்து. துணிக்கடையில் பில் போட்ட பிறகு, "கொஞ்சம் பெரிய பையா குடுங்க தம்பி" என்ற வேண்டுகோளைக் கேட்காத கவுன்டர் கிடையாது. கட்டைப்பை கிடைக்கும் அளவுக்குப் பில் ஏறவில்லையென்றால் இன்னொரு பாவாடைத் துணி எடுப்பவர்களும் உண்டு. நகைக்கடைப் பைக்கு அந்தஸ்து ஒரு படி மேல். அதில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர்கள் கடைப்பெயர் வெளியே தெரியும்படிதான் பிடித்துக்கொள்வார்கள். துணி மாதிரியே மெத்தென்று இருக்கும் கலர் பைகளை நிஜத் துணி என்று நம்புகிறவர்கள், ஒருமுறை இஸ்திரிப்பெட்டியை வைத்துப் பார்க்கலாம். பாலிப்புரொப்பிலீன் என்கிற உண்மை பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பந்தயத்தில் பெயர் கொடுக்காமலே ஜெயித்தவை இரண்டு. ஒன்று, உரச்சாக்குப் பை. யூரியா தீர்ந்த சாக்கை அலசிக் காயவைத்து, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து, இரண்டு கைப்பிடி வைத்துத் தைத்தால் ரேஷன் அரிசி 20 கிலோவையும் முனகாமல் தாங்கும்.

மற்றொன்று ஒயர் கூடை. அசல் பிளாஸ்டிக்தான், மறுக்க முடியாது. ஆனால் மத்தியான நேரத்தில் வாசல்படியில் உட்கார்ந்து, ஒயரை ஒரே அளவாக நறுக்கி, முதலில் அடிப்பாகம், பிறகு சுற்றுச்சுவர், கடைசியில் கைப்பிடி என்று விரல் சிவக்கப் பின்னியது. சிவன் கண், நெல்லிக்காய் என்று பின்னலுக்கு வகை உண்டு. வெங்காயமும் உருளைக்கிழங்கும் அடியில் போகும், தக்காளி மேலே, கறிவேப்பிலை ஓரமாக எட்டிப் பார்க்கும். ஒட்டியிருந்த மண் பின்னல் இடுக்கு வழியே, வரும் வழியிலேயே உதிர்ந்துவிடும். கைப்பிடி நைந்தால் பழைய சேலைக் கரையைச் சுற்றினால் தீர்ந்தது. டென்மார்க்காரர்கள் இதைப் பார்க்கவே இல்லை.

துணிப்பையில் பலகாரம் கொடுத்தனுப்பினால் பையைத் திரும்பக் கேட்பார் யாருமில்லை. ஒயர் கூடையில் கொடுத்தனுப்பினால் மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் போன் வந்துவிடும். "முறுக்கு நல்லா இருந்துச்சா? சரி, கூடைய மறக்காம பெரியவன்கிட்ட குடுத்துவிடு."