ரசீது இல்லாத ராசா

ஏலே பேராண்டி, கண்ணத் தொடச்சிட்டு இங்கன வந்து ஒக்காரு. விசயம் வீடு பூரா பரவிருச்சு. ஒன் கேம் ஐடி போயிருச்சு. எவனோ உள்ள பூந்து மெயிலையும் பாஸ்வேர்டையும் மாத்திட்டு, ஒன் தங்கத் துப்பாக்கியத் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரியுதான். அதக் கூடத் தாங்கிக்கிட்டியாம். கஸ்டமர் கேருக்கு எழுதினதுக்கு, ‘இந்தக் கணக்கு ஒங்களோடதுதான்னு என்ன ஆதாரம்?’னு கேட்டுட்டானாம். அதுலதான் ராசாவுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்து ராத்திரிச் சோத்தத் தள்ளி வச்சிட்டாராம்.

ரோசம் இருக்க வேண்டியதுதான். ஆனா அந்தக் கேள்வியில என்ன தப்புன்னு எனக்கு வெளங்கல. நான் தலையாரி வேல பாத்தவன்லா? ‘இது என் நெலம்’னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு வந்தவன் எத்தன பேரு! பட்டா எங்கடான்னா, ‘பாட்டன் காலத்துல இருந்து நாங்கதான் உழுதோம், ஊரக் கேளு’ம்பான். ஊரும் ஆமான்னுதான் சொல்லும். தாலுகா ஆபீசு ஊரையா கேக்கும்? சிட்டாவக் கேக்கும், அடங்கலக் கேக்கும், வில்லங்கம் போட்டுப் பாக்கும். நீ எத்தன பேரச் சுட்டுத் தள்ளி எந்த ரேங்குல நின்னேங்கிறது உழவுக் கதை. அவன் கேக்குறது பட்டா.

நீ அனுப்புன மனுவ ஒன் தங்கச்சி வாசிச்சுக் காட்டுனா. ‘புரோ, மை ஐடி ஹேக், ஐயாம் ஓல்ட் பிளேயர், டாப் ரேங்க், பிளீஸ் கிவ் பேக், அர்ஜென்ட்.’ பின்னால அழுற பொம்மை ஒரு வரிசை. உருக்கமாத்தான் இருக்கு. ஒரு சின்னக் கொறை: களவாண்டவன் எழுதுனாலும் இதத்தான் எழுதுவான். பொம்மைய ரெண்டு கூட வைப்பான். உண்மையான சொந்தக்காரன் மட்டுமே எழுதக்கூடிய வரி அதுல ஒண்ணு கூட இல்ல.

அந்தப் பக்கம் ஒக்காந்திருக்கவனுக்கு ஒன் மொகம் தெரியுமா, ஒங்க தெரு தெரியுமா? அவன் சந்தேகப்படுதான்னு ஏசாத. சந்தேகப்படாம விட்டா என்ன ஆகும்னு சொல்லுதேன் கேளு. 2022 சனவரியில ஈஏங்கிற கேம் கம்பெனியே ஒத்துக்கிட்டது. ஃபிஃபா பந்து விளையாட்டுல பேரெடுத்த ஆட்டக்காரங்களோட கணக்கு, 50-க்குக் கொஞ்சம் கொறைய, பறிபோச்சு. பூட்ட எவனும் ஒடைக்கல. கஸ்டமர் கேர் ஆளுககிட்ட மெரட்டியும் நைச்சியமாப் பேசியுமே காரியத்த முடிச்சிட்டானுக. ரெண்டாவது பூட்டுன்னு ஓடிபி மாதிரி ஒண்ணு வச்சிருந்தாங்கள்லா, அதையும் தாண்டிட்டானுக. திருடன் ஒன்ன விட நல்லாப் பேசுவான்லே. அவனுக்கு அதான தொழில். ஸ்டீம்னு ஒரு பெரிய கேம் சந்தை இருக்கே, அத நடத்துற வால்வ் கம்பெனி 2015 டிசம்பர்ல சொன்ன கணக்கு மாசத்துக்கு 77,000 கணக்கு களவுன்னு. இத்தன பேரு வரிசையில நிக்கையில ஒன் கண்ணீரு உப்புன்னு அவன் நக்கிப் பாத்தா சொல்ல முடியும்?

சரி, என்னதான் கேப்பான்? கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனா சாரம் ஒண்ணுதான். மொத மொத எந்த மெயில்ல கணக்கத் தொறந்த? எந்த மாசம், எந்த வருசம்? எந்த ஊர்ல இருந்து? அப்ப வச்ச பேரு என்ன? எந்த ஃபோன்ல ஆடுன? மொத மொத துட்டு கட்டி என்ன வாங்குன, அதோட ரசீது நம்பர் என்ன, கார்டுல கடைசி நாலு எண் என்ன? கவனிச்சியா? எல்லாமே ‘மொத’. ஒன் ஐடிக்குள்ள ஒக்காந்திருக்கவனுக்கு இன்னைக்கு உள்ள ஸ்கின், ரேங்க், கூட ஆடுற பயலுக பேரு எல்லாம் கண்ணு முன்னால தெரியும். ஆரம்பத்துல நடந்தது தெரியாது. அதனாலதான் தாய்ப் பத்திரத்தத் தோண்டுதான்.

கூகுள் பிளேயில துட்டு கட்டுனா மெயிலுக்கு ஒரு ரசீது வரும். ஜி.பி.ஏ.ன்னு மூணு எழுத்து, பின்னால கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணு. நீ அதக் குப்பைன்னு அழிச்சிருப்ப. ‘அம்பது பெர்சன்ட் தள்ளுபடி’ன்னு வந்த வெளம்பரத்த மட்டும் பத்திரமா வச்சிருப்ப. கேம் எல்லாம் டப்பாவுல வந்த காலத்துல, உள்ள இருந்த அட்டையில ஒரு சாவி எண் அச்சடிச்சிருக்கும். ஸ்டீம்காரன் என்ன கேப்பான் தெரியுமா? அவன் குடுத்த புகார் நம்பர அந்த அட்டையில பேனாவால எழுதி, படம் புடிச்சு அனுப்புன்னு. அட்டை கையில இருக்கவன்தான எழுத முடியும்? எவனோ ஒரு பழைய மணியக்காரன் போட்ட யோசனை மாதிரி இருக்கு பாரு.

வடிவேலு ‘கெணத்தக் காணோம்’னு ஸ்டேசனுக்குப் போனாருல்லா? அவரு கையில கெணறு வெட்டுன ரசீது இருந்துச்சு, கெணறுதான் இல்ல. ஒனக்குக் கெணறு நெசமா இருந்துச்சு, ரசீதுதான் இல்ல. ரெண்டு பேருல அதிகாரிய நடுங்க வச்சது யாருன்னு யோசி.

அடுத்து ஒன் பேரு. ஆதார்ல அப்பன் இனிசியலோட லட்சணமா ஒரு பேரு இருக்கு. கேம் கணக்குல மொதப் பேரு ‘டெவில்’, கடைசிப் பேரு ‘கிங்’. பிளிசார்டு மாதிரி கேம் கம்பெனிக அரசாங்க அட்டையப் படம் புடிச்சு அனுப்பச் சொல்லும். அட்டையில உள்ள பேரும் கணக்குல உள்ள பேரும் ஒத்துப் போகணும். ‘டெவில் கிங்’னு அட்ட வாங்க நீ எந்த வட்டாட்சியர்கிட்டப் போவ? பொறந்த தேதியும் அப்படித்தான். வயசு பத்தலன்னு 1990-ன்னு தட்டி விட்டிருக்க. 1990-ல ஒங்கப்பனே மூக்க ஒழுக விட்டுக்கிட்டு டவுசரோட திரிஞ்சான். கம்பெனிக்காரன் ஒன் பொறந்த நாளக் கேக்கையில நீ உண்மையச் சொன்னா பொய்யி, பொய்யச் சொன்னா உண்மை. அந்தப் பொய்யையாவது எங்கயாவது குறிச்சு வச்சியா? பொய் சொல்லுறவனுக்கு ஞாபக சக்தி முக்கியம்லே.

ஒன் கூட்டாளி மேலத்தெருக்காரன் கதைய எடுத்துக்கோ. ‘எதுக்குக் கஷ்டப்பட்டு ஆடணும், ரெடிமேடா வாங்குவோம்’னு எவன்கிட்டயோ துட்டு குடுத்து ஐடி வாங்குனான். வித்தவன் பாஸ்வேர்ட எழுதிக் குடுத்தான். நல்ல மனுசன். கொஞ்ச நாளு கழிச்சு அவனே கம்பெனிக்கு எழுதி, மொத மெயிலு, மொத ரசீது, மொத ஃபோனு எல்லாத்தையும் காட்டி ஐடியத் திருப்பிக்கிட்டான். கம்பெனி பார்வையில அவன்தான் சொந்தக்காரன், வாங்குனவன்தான் திருடன். வாயத் தொறந்து முறையிடவும் முடியாது. ஐடிய விக்கிறதும் வாங்குறதும் கூடாதுன்னு பெரும்பாலான கேம் விதியிலயே எழுதியிருக்கு. நீ ‘ஐ அக்ரீ’ன்னு தட்டுனியே, அந்த நீளமான காயிதத்துலதான்.

கெஸ்ட் ஐடின்னு ஒண்ணுல வருசக்கணக்கா ஆடுற பயலுகளும் இருக்கானுக. மெயிலும் இல்ல, நம்பரும் இல்ல, ஃபோனுக்குள்ளயே குடியிருக்குற ஐடி. ஃபோன் தண்ணியில விழுந்துட்டா ஐடியும் கூடவே போச்சு. ஃபோன் நம்பர நம்பி இருக்கவனும் துள்ள வேண்டாம். ரீசார்ஜ் போடாம விட்ட நம்பர சிம் கம்பெனிக்காரன் முடக்கிட்டா, 90 நாளு கழிச்சு அது வேற ஆளு கைக்குப் போகலாம். ஒன் ஓடிபி அவன் வீட்டுக்குப் போயிக் கதவத் தட்டும்.

இப்ப ஒனக்கு அவசரம். ஆத்திரத்துல கூகுள்ல ‘கஸ்டமர் கேர் நம்பர்’னு தேடுவ. ஒருத்தன் எடுப்பான். அவனப் போல பாசக்காரன ஒலகத்துல பாக்க முடியாது. ‘தம்பி, கவலப்படாதீங்க, அஞ்சு நிமிசத்துல ஐடி வந்துரும்’பான். ஆதாரம் எதுவும் கேக்க மாட்டான். ஓடிபி மட்டும் கேப்பான். இல்ல, ஒரு ஆப்ப ஏத்தச் சொல்லுவான். புரிஞ்சிக்கோ: ஒன்னச் சந்தேகப்படுறவன் நெசமான கம்பெனிக்காரன், ஒன்ன ஒடனே நம்புறவன் திருடன். பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டோட முழு எண்ணு, பின்னால உள்ள மூணு எண்ணு இதுல எதக் கேட்டாலும் ஃபோன வையி. கேம் உள்ளயே ‘உதவி’ன்னு ஒரு இடம் இருக்கும், இல்லன்னா கம்பெனியோட சொந்தத் தளம். அங்க மட்டும் எழுது. துட்டே போயிருச்சுன்னா அழுதுக்கிட்டு இருக்காம 1930-க்கு அடி.

மனு எப்படி எழுதணும்னு சொல்லுதேன். வீரத்த ஒதுக்கி வையி, அழுற பொம்மைகளுக்கு லீவு குடு. மொத வரியில ஐடி எண்ணு. பேரு மாறும், எண்ணு மாறாது. பொறவு இப்படி: ‘இந்தக் கணக்க இன்ன வருசம் இன்ன மாசம், இன்ன ஊர்ல இருந்து, இன்ன ஃபோன்ல தொடங்கினேன். அப்ப வச்ச பேரு இது. தொடங்கின மெயில் இது. மொதல்ல வாங்கினது இது, ரசீது எண் இது, படம் சேத்திருக்கேன். இன்ன தேதி இத்தன மணிக்கு மெயில் மாத்தப்பட்டதுன்னு தகவல் வந்துச்சு. அத மாத்தினது நான் இல்ல.’ அம்புட்டுதான். தேதி சரியாத் தெரியலன்னா ‘சுமாரா’ன்னு போடு; அடிச்சு விட்டு மாட்டிக்காத. நாலு தேதிய நீ தப்பாச் சொன்னா அஞ்சாவதா சொல்லுற உண்மையவும் நம்ப மாட்டான். ஒரு மனு போட்டா அதுலயே பதில் எழுது. நாளைக்கு ஒண்ணு, நாளன்னைக்கு ஒண்ணுன்னு புதுசு புதுசாப் போட்டேன்னா, ஒவ்வொண்ணையும் வேற வேற ஆளு மொதல்ல இருந்து வாசிப்பான். தாலுகா ஆபீசுல இதுக்கு நாங்க ஒரு பேரு வச்சிருந்தோம். ஒன் முன்னால சொல்ல மாட்டேன்.

ஐடி திரும்பி வந்தா ரெண்டாவது பூட்டப் போடு. அப்ப ஒரு மீட்புக் குறியீடு குடுப்பான். அத அதே ஃபோன்ல படம் புடிச்சு வைக்காத. வீட்டச் சாத்திட்டுச் சாவிய உள்ளயே போட்ட மாதிரி ஆயிரும். காயிதத்துல எழுதி ஒங்க ஆச்சி ட்ரங்குப் பெட்டியில வையி. அதத் தொறக்க எந்த ஹேக்கருக்கும் தைரியம் கெடையாது.

இன்னொண்ணும் சொல்லிருதேன், கோவப்படாத. இம்புட்டும் செஞ்சு நீ ஜெயிச்சாலும் கெடைக்கிறது பட்டா இல்ல, குத்தகைதான். நீ ‘வாங்கின’ துப்பாக்கிய நீ வாங்கல. வச்சு வெளையாட அனுமதி வாங்கின. கலிபோர்னியாவுல 2025 சனவரி 1-ல இருந்து அதுக்குச் சட்டமே இருக்கு: இது வெறும் லைசென்சுன்னு தெளிவாச் சொல்லாம டிஜிட்டல் சரக்குல ‘வாங்கு’ன்னு பட்டன் போடக்கூடாது. ஸ்டீம் கணக்க உயில் எழுதி வைக்க முடியுமான்னு 2024-ல ஒருத்தர் கேட்டதுக்கு, முடியாதுன்னு பதில் வந்துச்சு. ஆக, பேரப் புள்ளைக்கு நீ விட்டுட்டுப் போகப் போற சொத்துல தங்கத் துப்பாக்கி சேராது.

சரி, எந்திரி. ஆதாரத்தச் சேப்போம். மொத மெயிலு யாரோடது? ஒங்கப்பனோடது. மொத ஃபோனு? ஒங்கப்பன் பழைய ஃபோனு. துட்டு கட்டுன கார்டு? அதுவும் அவன்துதான். ரசீதெல்லாம் அவன் மெயில்லதான் வரிசையா கெடக்கு, ‘பிராஜெக்டுக்கு சார்ட் பேப்பர் வாங்கணும்’னு நீ கார்டு வாங்குன அதே தேதிகள்ல. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா அந்த ஐடிக்குச் சொந்தக்காரன் ஒங்கப்பன்தான்லே. எந்தக் கம்பெனிக்காரன் விசாரிச்சாலும் அப்படித்தான் சொல்லுவான். போ, மனுவ மொதல்ல அவன்கிட்டக் குடு. ரசீது கேட்டா மொத்தமாக் கேளு, ஒவ்வொண்ணாக் கேக்காத. அடி ஒரே தவணையில முடிஞ்சிரும்.