எங்கே வைத்தாலும் ஓடும்

ஜாவா புரோகிராம்களுக்கு டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட் பிறந்தது ஆகாயத்தில். 1997இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் போகிற விமானத்தில் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் அதை எழுதத் தொடங்கினார்கள். சட்டம் கறார்: டெஸ்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஏற்பாடெல்லாம் செட்அப் என்ற ஒரே மெத்தடுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெயரில் வரும் ‘யூ’ பெரிய எழுத்து. சின்னதாக அடித்துவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது. டெஸ்ட் ஓடும், செட்அப் ஓடாது.

தாய் கிளாஸிலும் ஒரு செட்அப் இருந்தால், பிள்ளை கிளாஸின் செட்அப்பில் முதல் வரி சூப்பர்.செட்அப் ஆக இருந்தாக வேண்டும். எங்கள் சீனியர் ஒருவர் கோடு ரிவ்யூவில் அதை மட்டும்தான் பார்ப்பார். பிரின்ட் எடுத்த தாளில் சிவப்புப் பேனாவால் சுழித்து, “முதல் வரி எங்கப்பா?” என்பார். லாஜிக் எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. இந்தத் தொல்லை வேண்டாமென்று சில புத்திசாலிகள் ஏற்பாடுகளைக் கன்ஸ்ட்ரக்டரில் வைத்தார்கள். ஜேயூனிட் 3 டெஸ்ட்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட் வீதம் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டுதான் முதல் டெஸ்ட்டையே தொடும். அதற்குள் அத்தனை டேட்டாபேஸ் கனெக்ஷனும் திறந்து கிடக்கும்.

2006இல் ஜேயூனிட் 4 வந்தது; விடுதலை. மெத்தட் தலையில் ‘@பிஃபோர்’ என்று போட்டால் போதும், பெயர் நம் இஷ்டம். நண்பர் ஒருவர் ‘பிள்ளையார்சுழி’ என்றே வைத்தார். அதையும் கோப்பின் கடைசியில் வைத்தார்.

2017இல் ஜேயூனிட் 5, ‘@பிஃபோர்ஈச்’. ஒரே கிளாஸில் நாலைந்துகூட வைக்கலாம். எது முதலில் ஓடும்? வரிசை நிச்சயம் உண்டு, ஆனால் வேண்டுமென்றே வெளிப்படையாகத் தெரியாதபடி வைத்திருக்கிறோம் என்கிறது அதன் கையேடு. கடவுளைப் பற்றிக்கூட இவ்வளவு சாமர்த்தியமாக யாரும் சொன்னதில்லை.

இப்போதைய டீமில் ஏற்பாடுகளைத் தேடியே பொழுது போனதால் மீட்டிங் போட்டோம். கிளாஸுக்கு ஒரே ஒரு ஏற்பாட்டு மெத்தட், ஃபீல்டுகளுக்குக் கீழே, முதல் டெஸ்ட்டுக்கு மேலே. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர்: செட்அப். ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் டெஸ்ட்டுகள் வரிசையாக விழுந்தன, டேபிள்கள் காலி. புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்கிரீனைக் காட்டினார். “பேரன்ட்டோட செட்அப் தானா ஓடும்னு டாக்குமென்ட்ல போட்டிருக்கே சார்?”

“ஓடும்மா. பிள்ளையும் அதே பேரை வச்சுக்காத வரைக்கும்.”

ஒரே பெயர் வைத்தால் பிள்ளையினுடையது தாயினுடையதை மறைத்துவிடும்; தாயினுடையது ஓடாது. அதே வாக்கியத்தின் பின்பாதியில் இதுவும் இருக்கிறது. பெயரை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். நேற்றுதானே ஓட்டுப் போட்டோம் என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள். விதிமுறையில் இன்னொரு வரி சேர்ந்தது: பிள்ளை கிளாஸின் செட்அப்பில் முதல் வரி, சூப்பர்.செட்அப்.

டீமில் இருபதுகளில் இருப்பவர்கள் அதை ஜேயூனிட் 5 கொடுத்த புது வசதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.