பூச்சாண்டிக்கு எத்தனை வயசு சான்றிதழ்?

ஏன் மருமகனே, 'மகாவதார் நரசிம்மா' படத்தைப் புள்ளைங்களுக்குக் காட்டலாமா கூடாதான்னு என்கிட்டயா கேக்குற? நான் என்ன தணிக்கைச் சபைத் தலைவரா? காலம் பூரா மலையில கவ்வாத்து வெட்டுனவன். கத்தியப் பத்திக் கேளு, வாய் வலிக்கிற வரைக்கும் சொல்றேன். ஆனாலும் படிச்ச புள்ள, மாமனை மதிச்சுக் கேட்டுட்ட. வெறுங்கையோட அனுப்புனா உங்கம்மா என்னைய சும்மா விடமாட்டா.

படத்தைப் பேரன்தான் போன்ல போட்டுக் குடுத்தான். 2025 ஜூலையில வந்தது, அஸ்வின் குமாருன்னு ஒருத்தரு எடுத்ததாம். மனுசன் ஒருத்தன்கூட நடிக்கல, அம்புட்டும் கம்ப்யூட்டர்ல செஞ்ச உருவம். கதை என்னமோ நம்ம பஜனை மடத்துல கேட்ட பிரகலாதன் கதைதான். தூணப் பொளந்துக்கிட்டு சாமி வந்ததும் எனக்கே இடுப்பு வேட்டி தளந்துபோச்சு.

உனக்கு அந்த நகமும் ரத்தமும்தானே பயம்? அதுக்குப் புள்ளைங்க கை தட்டுதுங்க, போ. கெட்டவன் வயித்தைத்தானே சாமி கிழிக்கிறாரு. நான் பயந்தது வேற எடத்துல. அந்தச் சின்னப் பயலை மலை உச்சியிலருந்து உருட்டச் சொல்றது யாரு? யானைய விட்டு மிதிக்கச் சொல்றது யாரு? பெத்த தகப்பன். அத்தைக்காரி மடியில வச்சுக்கிட்டே நெருப்புல உக்காருறா. சம்பளத்தன்னைக்கு அந்தியில அப்பன் நடந்து வர்ற சத்தத்தை வச்சே கட்டிலுக்கடியில போற புள்ளைங்க நம்ம லயத்துல இருக்குதுங்க. அதுங்களுக்குச் சிங்கத்தைக் கண்டா பயமில்ல. சிங்கம் எப்ப வரும்னுதான் பாத்துக்கிட்டு இருக்கும். நீ குடிக்கிறதில்லன்னு உங்கம்மா சொன்னா. அக்கா சொன்னா நம்பத்தானே வேணும்!

இந்தியாவுல 2024ல புது விதி கொண்டாந்து, தாய் தகப்பன் சொல்படி பாக்கவேண்டிய படத்தை 7, 13, 16ன்னு மூணு வயசாப் பிரிச்சுட்டாங்க. நல்ல காரியம்தான், குத்தம் சொல்லல. ஆனா முத்திரை குத்துறவங்களுக்கு வயசுதான் தெரியும், வீடு தெரியாது. வெள்ளைக்காரன் கதையக் கேளு. டிஸ்னி எடுத்த ஸ்னோ வைட் படத்துல வர்ற சூனியக்காரிக்குப் பயந்து, பெரியவங்க துணையில்லாமச் சின்னப்புள்ளைங்க பாக்கப்படாதுன்னு 1938ல லண்டன்ல முத்திரை குத்துனாங்க. அம்புட்டு எளகுன மனசு! அதே ஆளுங்கதான் 1927ல இங்க இலங்கையில கூலிச் சட்டம் போட்டப்ப, ஆம்பளைக்கு இம்புட்டு, பொம்பளைக்கு இம்புட்டு, புள்ளைக்கு இம்புட்டுன்னு மூணு கூலி எழுதுனானுங்க. அவன் புள்ளைக்குப் படம் ஆகாது, நம்ம புள்ளைக்கு மலை ஆகும்.

இன்னொண்ணு, 'நீமோ'ன்னு ஒரு மீன் படம், 2003ல வந்தது. அமெரிக்காவுல கைப்புள்ளையும் பாக்கலாம்னு விட்டுட்டாங்க. ரத்தம்னு பாத்தா கொஞ்சூண்டுதான். ஆனா தொடங்கி அஞ்சு நிமிசம் ஆகல, தாய் மீனைப் பெரிய மீனு முழுங்கிருது. கீழ் லயத்துல ஒரு புள்ள, தாய்க்காரி குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்கா. அந்தப் புள்ள படம் பாக்கறப்ப அழுகல, சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ராத்திரி ரொட்டியப் பிச்சுக் கையில வச்சுக்கிட்டே அம்மாயிகிட்டக் கேக்குது: "அம்மா போன கடல்ல அந்த மீனு இருக்கா?" அம்மா போனது ஏரோப்ளேன்லன்னு கெழவி சொல்லிப் பாத்துச்சு. கடலுக்கு மேலதானே போச்சுன்னு திருப்பிக் கேட்டுச்சாம். இதுக்கு எந்தச் சபைக்காரன்டா முத்திரை குத்துவான்?

அப்போ எதையுமே காட்டாதன்னு சொல்றேன்னு நெனைக்காத. நீ காமன் கூத்துப் பாத்து வளந்தவன். மாசி மாசம், காமன் பொட்டல்ல, பனியில உங்கம்மா கம்பளிக்குள்ள சுருட்டி வச்சிருப்பா. தப்புச் சத்தத்துல மண்ணு அதிரும். மூஞ்சி பூராக் கரியப் பூசிக்கிட்டு எமன் வருவான், இடுப்புக் கயித்த ரெண்டு பேர் இழுத்துப் பிடிக்கணும். சிவன் காமனை எரிப்பாரு, ரதி விடிய விடியப் பொலம்புவா. ஏழு வயசா பதிமூணு வயசான்னு எவன் கேட்டான்? நீ கத்துன கத்துல அடுத்த டிவிசன் நாயெல்லாம் கொரைச்சுச்சு. ஆனா காலையில அதே எமன் பீலிக்கரையில சோப்புப் போட்டு மூஞ்சியக் கழுவுனான். நீ பக்கத்துல நின்னு பாத்த. பாதி கரி போயி பாதி இருக்கையில, ஸ்டோர்ல வேலை செய்யிற நம்ம மாமான்னு கண்டுக்கிட்ட. அதோட உன் பயம் போச்சு, மறுநாள் நீயே அடுப்புக் கரியப் பூசிக்கிட்டு எமனா ஆடுன.

போனுக்குள்ள இருக்கிறவன் எவனும் பீலிக்கு வர்றதில்ல. அந்தக் கரியக் கழுவுற வேலை உன்னோடது. நீயோ போனைக் கையில குடுத்துட்டு, அடுத்த காம்பராவுல இன்னொரு போனைப் பாத்துக்கிட்டு இருக்க.

இதுல இன்னொரு கூத்து. சோறு திங்காட்டி பூச்சாண்டி வருவான்னு உன் பொஞ்சாதி தெனம் ரெண்டு வேளை சொல்றா. தூங்காட்டி சிறுத்தை தூக்கிட்டுப் போயிரும்னு நீ சொல்ற. சிறுத்தை நெசமாவே தேயிலைக்குள்ள திரியுது, அதையாவது விடு. பூச்சாண்டிக்கு எந்தச் சபை சான்றிதழ் குடுத்துச்சு?

இப்ப நான் சொல்றபடி செய். மொதல்ல நீ தனியாப் பாரு, தூங்காமப் பாரு. தாயோ தகப்பனோ சாகுற எடம், காணாமப் போற எடம், மிருகமா மாறுற எடம் வந்தா மனசுல குறிச்சுக்க. உன் மூத்தவன் தாங்குவான், அவன் தேளையே நூலு கட்டி இழுத்தவன். சின்னவளுக்கு இப்ப வேணாம், அவ அப்பனைப் போல. ரெண்டு பேர்ல யாரு "போதும்"னாலும் அங்கனயே நிப்பாட்டு, கதை கெட்டுப்போகாது. பகல்ல காட்டு. உனக்குத் தூக்கம் வந்தா தாராளமாத் தூங்கு மருமகனே, ஆனா போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத் தூங்கு.