பூணைக் கேட்டால் வயது சொல்லும்

சீன ஆயுதங்கள் குறித்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நீண்ட காம்பு பொருத்திய வாள், ஈட்டி வகைகளைப் பற்றியவை. மகிழ்ச்சியோடு பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துச் சீனப் பிறைவாள் ஒன்று இருக்கிறது. ஆள் உயரக் காம்பு, டிராகன் வாயிலிருந்து புறப்படும் அலகு. பார்த்த வியாபாரி, "குவான் யூ காலத்துச் சரக்கு, 1,800 வருஷம்" என்கிறார். நம்பலாமா? (வாசகர், ஈப்போ)

வேண்டாம். குவான் யூவே இப்படி ஒரு வாளைப் பார்த்திருக்க மாட்டார்! அந்த மாவீரர் இறந்தது கி.பி. 220ஐ ஒட்டி. பிறை வடிவ நீள்வாளைப் படத்தோடு காட்டும் பழைய நூல் 'வூஜிங் சோங்யாவ்'. சோங் வம்சத்தில், 1040களில் தொகுத்த போர்க்கலைக் களஞ்சியம். நடுவே எண்ணூறு ஆண்டு இடைவெளி. அவர் காலத்தை ஒட்டி வரலாறு எழுதிய சென் ஷோ, எதிரித் தளபதி யென் லியாங்கை அவர் 'குத்தினார்' என்றே எழுதுகிறார். குத்துவது ஈட்டியின் வேலை. பச்சை டிராகன் பிறைவாளை அவர் கையில் நிலைக்கச் செய்தது மூன்று ராஜ்ஜியங்களின் கதையைச் சொல்லும் புகழ்பெற்ற நாவல். அதன் பிறகு திரும்ப வாங்க யாராலும் முடியவில்லை.

உங்கள் வாள் அநேகமாக சிங் வம்சத்தின் கடைசி நூறு ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்கும். இன்று கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அப்படித்தான். அதில் குறைபட ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொல்லர் நெஞ்சார அடித்த வாள், பொய் வயது சுமக்கும் வாளைவிடப் பெரியது.

அநேகமாக என்றால் போதாது. நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா? (வாசகி, பினாங்கு)

உண்டு. முதலில் டிராகனை மறந்துவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள் என்று போலி செய்கிறவருக்கும் தெரியும்.

அலகின் முதுகை அடியிலிருந்து நுனிவரை இரு விரலால் பிடித்துக்கொண்டே போங்கள். பட்டறையில் அடித்த அலகு காம்புப் பக்கம் தடித்து, நுனி நெருங்க நெருங்க மெலியும். தகட்டில் வெட்டியெடுத்த இன்றைய அலகு நெடுக ஒரே கனம். அடுத்து வெட்டுவாய். சீனக் கொல்லர்கள் மென்மையான இரும்புக்கு நடுவே கடினமான உருக்குப் பட்டையை வைத்து, காய்ச்சி அடித்து ஒன்றாக்கினார்கள். தீட்டும்போது உருக்கு வெளியே வந்து வெட்டுவாயாகும். சாய்ந்த வெளிச்சத்தில் ஓரத்தை ஒட்டி ஒழுங்கற்று நெளியும் ஒரு கோடு தெரிந்தால் அதுதான் இரண்டும் சேருமிடம். தெரியாவிட்டால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். ஊர்வலத்தில் தூக்கிப் போன வாளுக்கு வெட்டுவாய் எதற்கு?

பிறகு, எனக்கு மிகவும் பிடித்த இடம்: அலகும் காம்பும் சேரும் பூண். அலகின் வால் காம்பின் பிளவுக்குள் எவ்வளவு இறங்குகிறது, குறுக்கே அடித்த ஆணி எப்படிப்பட்டது, பித்தளைத் தகட்டைச் சுற்றிப் பற்றவைத்த தையல் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மரையாணியோ மின்பற்றவைப்பின் மணிமணியான தழும்போ இருந்தால், ஒன்று வாள் புதியது, அல்லது யாரோ பின்னால் பழுது பார்த்திருக்கிறார்கள். காம்பு மட்டும் புதிதாக இருப்பதும் சகஜம். மரம் முறியும், மாற்றுவார்கள். பழைய மரம் என்றால் அதற்கும் சாட்சி உண்டு. மரம் நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அல்ல. அதனால் நாள்பட்ட காம்பு சரியான வட்டமாக இருக்காது. அளவுகோலை வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

இத்தனையும் முடிந்தபின் வடிவத்துக்கு வாருங்கள். சியென்லோங் பேரரசர் காலத்தில், 1766இல் முற்றுப்பெற்ற 'ஹுவாங்சாவ் லிச்சி துஷி' என்ற அரசு நூல், படைகள் வைத்திருக்க வேண்டிய ஆயுதங்களைப் படமும் அளவுமாகத் தருகிறது. அதோடு பொருந்தினால் அரசுப் படையின் ஆயுதமாக இருக்க வாய்ப்பு கூடும். பொருந்தாதது ஊர்க்காவல் படைக்கோ கோயிலுக்கோ கூத்துக்குழுவுக்கோ செய்ததாக இருக்கலாம்.

என்னிடம் இருப்பது ஐம்பது கிலோவுக்குக் குறையாது. இதைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போருக்குப் போனார்கள்? (வாசகர், கிள்ளான்)

போருக்குப் போகவில்லை, தேர்வுக்குப் போனார்கள்! சிங் ஆட்சியில் படை அதிகாரி ஆக விரும்பியவர் வில்லை வளைக்க வேண்டும், கல்லைத் தூக்க வேண்டும், கனத்த நீள்வாளைச் சுழற்றிக் காட்ட வேண்டும். வாள்கள் 80, 100, 120 ஜின் என மூன்று தரம். ஜின் என்பது மலேசியப் பெரியவர்கள் 'காட்டி' என்று சொன்ன அதே அறுநூறு கிராம் சொச்சம். ஆக 48 முதல் 72 கிலோ. போர்க்களத்து வாள் சில கிலோவைத் தாண்டாது. உங்களுடையது தேர்வு வாளாக இருந்தால் காலத்தின் மேல் எல்லை தெளிவு: படைத்தேர்வை 1901இல் நிறுத்திவிட்டார்கள். உடைந்த முதுகெலும்பை அதற்குப் பிறகு எந்த அரசும் கேட்கவில்லை.

கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எதிரே சீனக் கோயிலில் ஒரு பெரிய வாளைப் பார்க்கிறேன். அதுவும் தேர்வு வாளா? (வாசகி, செந்தூல்)

அது குவான் தி கோயில்; குவான் யூவே அங்கே தெய்வம். அந்த வாள் 59 கிலோ என்கிறார்கள். பக்தர்கள் தொட்டுக் கும்பிடுவது. கோயில் வாள்களைப் போர் வாளின் அளவுகோலால் அளக்கக் கூடாது. வயதைக் கேட்பதைவிட, அம்மனைக் கும்பிட்ட கையோடு அவரையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

அலகில் 'ஜியாவு ஆண்டு' என்று பொறித்திருப்பதாக நண்பர் படித்துச் சொன்னார். இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? (வாசகர், சிங்கப்பூர்)

வேண்டும். நம் பிரபவ, விபவ போலச் சீனர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று. ஜியாவு என்றால் 1834 ஆகலாம், 1894 ஆகலாம், 1954கூட ஆகலாம். கூடவே பேரரசரின் ஆட்சிப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். குவாங்ஷு என்று இருந்தால் 1894தான், வாதமே இல்லை. இல்லையென்றால் மறுபடி பூணைத்தான் கேட்க வேண்டும்.

பச்சைக் களிம்பு ஏறிய வெண்கல 'கே' ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (வாசகர், சென்னை)

காம்புக்குக் குறுக்காக நிற்கும் கொத்துவாள்தான் கே. ஷாங் காலம் தொட்டு ஹான் காலம்வரை சீனப் படையின் கை. காம்போடு சேர்த்துக் கட்ட அலகிலிருந்து கீழே இறங்கும் பகுதியும் அதிலுள்ள துளைகளும் காலம் போகப் போக வளர்ந்ததால், வடிவத்தை வைத்தே நூற்றாண்டைக் கணிக்கிறார்கள். சுடுமண் வீரர்களின் குழிகளில் கிடைத்த சிலவற்றில் ஆண்டு, தலைமை அமைச்சர் லூ புவெய் பெயர், பட்டறை, கைவினைஞர் பெயர் எல்லாம் பொறித்திருக்கும். பழுதானால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே!

ஆனால் வாங்காதீர்கள். போலிகள் மலிந்த பொருள் இது. மெய்யானதாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது: மண்ணுக்கடியில் இருந்து எடுத்த பழம்பொருள் அரசுக்கே சொந்தம் என்று சீனாவின் 1982 சட்டம் சொல்கிறது. களவு போன கல்லறைப் பொருளை வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு நான் உடந்தையாக மாட்டேன்.

நம் ஊர்க்காரர்கள் யாராவது இந்த ஆயுதங்களை நேருக்கு நேர் சந்தித்ததுண்டா? (வாசகர், வேலூர்)

உண்டு, கசப்பான சந்திப்பு. முதல் அபினிப் போரில், 1841 மே மாதம், கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி கிராமப்புறத்தில் ஆங்கிலேயப் படையோடு 37ஆவது மதராஸ் காலாட்படையின் சிப்பாய்களும் நின்றார்கள். கொட்டும் மழை. சக்கிமுக்கித் துப்பாக்கி நனைந்து வெடிக்க மறுத்தது. வழிதவறித் தனியே மாட்டிக்கொண்ட ஒரு கம்பெனியை ஈட்டியும் நீண்ட கொக்கியும் ஏந்திய கிராமத்தார் சூழ்ந்தார்கள். சிப்பாய்கள் சதுரமாக நின்று துப்பாக்கி முனைச் சனியனால் தாக்குப்பிடித்தார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கியோடு வந்த கடற்படை வீரர்கள் அவர்களை மீட்டார்கள். அபினி விற்கும் வெள்ளைக்காரனுக்காக மதராஸ் சிப்பாயும், தன் மண்ணுக்காகக் கான்டன் உழவனும் மோதிய நாள் அது. என் மனம் உழவன் பக்கம். என் இரக்கம் இருவருக்கும். உழவன் கையிலிருந்த அந்த ஈட்டிகள் எந்த அரசு நூலின் அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. கோணலாக, கரடுமுரடாக ஒரு ஈட்டி உங்கள் கைக்கு வந்தால் அலட்சியமாக ஒதுக்காதீர்கள்.

வாள் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, திருச்சி)

கூடவே கூடாது. உருக்குக் கோடும் சுத்தியல் தடமும் பொறித்த எழுத்தும் அந்தத் தூளோடு போய்விடும். பூணைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். காம்பு ஆடுகிறதே என்று புதுக்காம்பு மாட்டாதீர்கள். மெல்லிய துணியில் கொஞ்சம் இயந்திர எண்ணெய் தொட்டு இரும்பை மட்டும் துடைத்து, ஈரம் படாத இடத்தில் படுக்கவையுங்கள். எனக்கு எழுதும்போது மூன்று படம் அனுப்புங்கள்: அலகின் முதுகு, காம்பின் அடிமுனை, நான்கு பக்கமும் தெரியும்படி பூண். டிராகன் படம் வேண்டாம்.